மாத்திரையா, பம்பா, மூளைக்குள் கம்பியா?

அக்கா மகனுக்கு ஐந்தரை வயதில் வாங்கிய செருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. வலது கால் செருப்பு புதுசு போலவே இருக்கும். இடது கால் செருப்பில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து தேய்ந்து, குதிகால் பக்கத்து ரப்பர் காகிதம் மாதிரி ஆகியிருக்கும். நான் பிசியோதெரபிஸ்ட். அந்தச் செருப்பைப் பார்த்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரு டாக்டர் தட்டைப் பாதம் என்றார், இன்னொருவர் பையன் கவனத்தை இழுக்க வேண்டுமென்றே செய்கிறான் என்றார். ஸ்பெஷல் ஷூ, கணுக்கால் பட்டை என்று ஒன்றரை வருடம் போனது.

ஏழு வயதில் ஒருநாள் என் கிளினிக்கில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். பந்தைப் பிடிக்கப் பின்னாலேயே நாலைந்து அடி நடந்தான். முன்னால் நடந்தால் உள்பக்கம் முறுக்கிக்கொள்ளும் அதே கால், பின்னால் நடக்கும்போது நேராக வந்தது. அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு போய்த் தொட்டுப் பார்த்தேன். கால் துணி மாதிரித் தொய்ந்து கிடந்தது. எலும்பிலோ தசையிலோ கோளாறு என்றால் தூக்கத்திலும் இருக்க வேண்டும், பின்னால் நடந்தாலும் இருக்க வேண்டும். இது மூளை அனுப்பும் உத்தரவில் உள்ள கோளாறு. பெயர் டிஸ்டோனியா.

இப்போது அவனுக்குப் பத்து வயது. முறுக்கு இடது காலிலிருந்து வலது காலுக்குப் போய், இடுப்புக்கு ஏறி, கடைசியில் தொண்டைக்கும் வந்துவிட்டது. பேச்சு குழறுகிறது, அவசரத்துக்கு போனில் டைப் செய்து காட்டுகிறான். போன மாதம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு வழிகளை எழுதினோம். அத்தான் கேட்டது, எதில் செலவு குறைவு. அக்கா கேட்டது, எதில் ஆபத்து குறைவு. இரண்டும் நியாயமான கேள்விதான். ஆனால் இருபது வருடமாக இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கிறவள் என்ற முறையில் நான் வேறு இரண்டு கேள்விகளை மேலே எழுதினேன்: எந்த மரபணு? சிகிச்சை நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும்?

மரபணுவுக்கு முன்னால் ஒரு விஷயம். பிள்ளைக்கு டிஸ்டோனியா என்று யாராவது சொன்னால், எந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னும் இரண்டைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று வில்சன் நோய். செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் படிவது. ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண்ணில் கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம், இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. நேரத்தோடு பிடித்தால் மாத்திரையிலேயே கட்டுப்படும். இன்னொன்று, ஜப்பானில் மசாயா செகாவா 1970களில் விவரித்த வகை. காலையில் எழுந்தால் பிள்ளை நன்றாக நடக்கும், சாயங்காலம் ஆக ஆகக் கால் பின்னிக்கொள்ளும். மூளையில் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற ரசாயனம் தயாராகும் வழியில் ஒரு அடைப்பு, அவ்வளவுதான். பார்கின்சன்காரர்கள் சாப்பிடும் லெவோடோபாவை, நம் ஊரில் சிண்டோபா என்று கிடைப்பதை, சின்ன அளவில் கொடுத்தாலே சக்கர நாற்காலியில் இருந்த பிள்ளை நடந்துவிடும். அதனால்தான் நரம்பியல் டாக்டர்கள் எந்த டிஸ்டோனியாப் பிள்ளைக்கும் முதலில் சில வாரம் லெவோடோபா கொடுத்துப் பார்க்கிறார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா அந்தச் சில வாரமும் தினமும் சாயங்காலம் அவனை முற்றத்தில் நடக்க வைத்து வீடியோ எடுத்தாள். அதை இப்போதும் அழிக்க மாட்டேன் என்கிறாள்.

அப்புறம் எக்ஸோம் பரிசோதனை, அதாவது ரத்தத்திலிருந்து மரபணுக்களை மொத்தமாகப் படித்துப் பார்ப்பது. ரிப்போர்ட்டில் கேஎம்டி2பி என்று வந்தது. 19ஆம் குரோமோசோமில் இருக்கும் மரபணு. மற்ற மரபணுக்களைத் திறந்து மூடுகிற வேலை அதனுடையது. அதற்கும் குழந்தைப் பருவ டிஸ்டோனியாவுக்கும் உள்ள தொடர்பை 2016 கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள், அதாவது எங்கள் பையன் பிறந்ததற்குப் பக்கத்தில். கால் முதலில், தொண்டை கடைசியில் என்று போகும் வரிசை, கொஞ்சம் குட்டையான உயரம், படிப்பில் கொஞ்சம் மெதுவு, எல்லாம் அந்த ரிப்போர்ட்டின் கீழே எங்கள் பிள்ளையைப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்காவும் அத்தானும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். பிள்ளைக்குக் கால் இழுக்க ஆரம்பித்த நாளிலிருந்து, மாமன் மகனைக் கட்டினதால் வந்தது என்று வீட்டிலும் வெளியிலும் அவள் காதில் விழாத நாளில்லை. கேஎம்டி2பி அப்படி வருவதல்ல. இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும், பெரும்பாலும் அப்பா அம்மா இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகவே வருகிறது. இருவர் ரத்தத்தையும் பார்த்தோம், இருவரிடமும் இல்லை. சொந்தக் கல்யாணத்தால் கூடும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. இது அதில்லை. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க மட்டும் என்று நினைத்துச் செய்த பரிசோதனை, அக்கா தலையிலிருந்து நாலு வருடச் சுமையை இறக்கி வைத்தது. அந்த ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

மரபணு ஏன் முதல் கேள்வி என்றால், மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் டிபிஎஸ் என்கிற ஆழ்மூளைத் தூண்டல் எல்லா டிஸ்டோனியாவிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் பிலிப் கூப் என்ற அறுவை நிபுணர் 1990களின் பிற்பகுதியில் டிஒய்டி1 என்ற மரபணு வகை டிஸ்டோனியா உள்ள பிள்ளைகளுக்கு இதைச் செய்தார். 2000ஆம் ஆண்டு வெளியான முதல் 7 பேர் கணக்கில் முறுக்கு சராசரியாக ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. படுக்கையில் கிடந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த வீடியோக்களைத்தான் ஊரெல்லாம் பகிர்கிறார்கள், பார்க்கிற ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளையை அதில் வைத்துப் பார்க்கிறாள். ஆனால் பிறக்கும்போது மூச்சுத் திணறி வந்த மூளைவாதப் பிள்ளைக்கு அதே அறுவையில் கிடைப்பது நாலில் ஒரு பங்கு முன்னேற்றம்தான், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். பிகேஏஎன் என்ற, மூளையில் இரும்பு படியும் நோயில் கொஞ்சம் பலன் உண்டு, நோய் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஜிஎன்ஏஓ1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு நாள்கணக்கில் அடங்காத முறுக்குப் புயல் வரும். காய்ச்சல் ஏறும், தசை சிதைந்து சிறுநீரகம் கெடும். அவர்களுக்கு டிபிஎஸ் நடையைத் தராமல் போகலாம், உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. தன் உதட்டையும் விரலையும் தானே கடித்துக்கொள்ளும் லெஷ்-நைஹான் நோயில், மின்தூண்டலுக்குப் பின் ஒரு நோயாளி கடிப்பதையே நிறுத்தியதை 2003இல் ஜப்பான் டாக்டர்கள் எழுதினார்கள்.

ரெட் சிண்ட்ரோம் என்ற, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணு நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு செய்தியைக் காட்டிக் கேட்பார்கள். 2015இல் ஹூஸ்டனில் ஹுடா சோக்பியின் குழு செய்த ஆராய்ச்சி அது. மூளையில் ஃபோர்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றையைத் தூண்டியதில் ரெட் கோளாறுள்ள எலிகளின் ஞாபக சக்தி மீண்டது. உண்மைதான், அருமையான வேலைதான். ஆனால் எலி. அதை வைத்து உங்கள் மகள் மண்டையில் துளை போடச் சம்மதிக்காதீர்கள். ரெட்டுக்கென்று அமெரிக்கா 2023இல் அனுமதித்தது டிரோஃபினடைடு என்ற குடிக்கும் மருந்தை.

சரி, எங்கள் காலண்டர் தாளுக்கு வருகிறேன்.

முதலில் மாத்திரை. டிரைஹெக்ஸிஃபெனிடில், கடையில் பேசிடேன். பாக்லோஃபென். குளோனசெபாம். டெட்ராபெனசின். மூன்று வருடமாக இவற்றில் ஏதோ ஒன்றோ இரண்டோ அவன் உடம்பில் இருக்கிறது. பேசிடேனைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் தாங்குவார்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் நிஜமாகவே முறுக்கு இளகும். ஆனால் வாய் வறளும், மலம் இறுகும், எழுத்து மங்கும், முக்கியமாகப் படித்தது மறக்கும். ஏற்கெனவே படிப்பில் மெதுவான பிள்ளைக்கு இது சின்ன விலையில்லை. நின்றுபோனால்? மெதுவாகக் குறைத்தால் பெரிய ஆபத்தில்லை. அதுதான் மாத்திரையின் பெரிய தகுதி. நாளைக்கே தொடங்கலாம், பிடிக்கவில்லை என்றால் இறங்கி வரலாம். எங்கள் பையனுக்கு அது போதவில்லை.

தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியைத் தனியாக எழுதவில்லை. ஒரு கால், ஒரு கழுத்து என்றால் அதைவிட நல்லது கிடையாது. மூன்று மாதம் நிற்கும், மறுபடி போடலாம். உடம்பு முழுக்கப் பரவினவனுக்கு எடைக்கு மேல் மருந்து தர முடியாது, எந்தத் தசைக்கென்று போடுவது? துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாக்லோஃபென் பம்ப் வேறு மாதிரி. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு தடித்த பிஸ்கட் போன்ற உலோக வட்டு. அதிலிருந்து மெல்லிய குழாய் முதுகுத்தண்டு நீருக்குள் போகும். வாயால் சாப்பிட்டால் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராத மருந்து, நூறில் ஒரு பங்கு அளவிலேயே நேராக இடத்துக்குப் போகிறது. கால் இறுக்கம் மிகுந்த மூளைவாதப் பிள்ளைகளுக்கு இதை நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைப்பேன். உட்கார வைக்க, உடை மாற்ற, இடுப்பை விரித்துச் சுத்தம் செய்ய அம்மாக்களுக்கு எவ்வளவு எளிதாகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் இரண்டாவது கேள்வியில் இது தோற்கிறது. சில மாதத்துக்கு ஒருமுறை ஊசி வழியாக மருந்து நிரப்பியாக வேண்டும். தவறினாலோ குழாய் மடிந்தாலோ, உடம்பு கொதிக்கும், மரம்போல் இறுகும், உயிர்கூடப் போகலாம். நிரப்பத் தெரிந்த ஆள் நாகர்கோவிலில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், மருந்து குப்பி எப்போதும் கிடைக்குமா என்று விசாரித்தோம். கிடைத்த பதில் எங்களுக்குத் திருப்தியாக இல்லை. தவிர, கேஎம்டி2பிக்குப் பம்பில் என்ன பலன் என்று சொல்ல நல்ல அனுபவம் யாரிடமும் இல்லை.

அத்தானுக்குப் பிடித்த வழி மூன்றாவது, பாலிடாட்டமி. மூளையின் ஆழத்தில் குளோபஸ் பாலிடஸ் என்ற சின்ன முடிச்சில் ஒரு புள்ளியைச் சூடு வைத்து அழித்துவிடுவது. கருவி இல்லை, பேட்டரி இல்லை, செலவு பலமடங்கு குறைவு. இந்தியாவில் இன்றும் செய்கிறார்கள். முறுக்குப் புயலில் ஐசியுவில் கிடக்கும் பிள்ளைக்கு, கருவி வாங்க வழியில்லாத வீட்டுக்கு, இது மோசமான வழி என்று நான் சொல்ல மாட்டேன். நின்றுபோக எதுவுமே இல்லை என்பதால் என் கேள்விக்கும் இது தப்பித்துவிடும். ஆனால் செய்ததைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு பக்கமும் செய்தால் பேச்சும் விழுங்குவதும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். கேஎம்டி2பி எப்படியும் பறிக்கப் பார்ப்பது பேச்சைத்தான். மிச்சமிருக்கும் கொஞ்சப் பேச்சையும் பணயம் வைக்கச் சொல்கிறீர்களா அத்தான் என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவரே அதை அடித்தார்.

நாலாவது டிபிஎஸ். அதே குளோபஸ் பாலிடஸ், அதன் உள்பகுதி. அழிக்காமல், இரண்டு பக்கமும் சேமியா தடிமனில் ஒவ்வொரு கம்பி. நுனியில் நாலு தொடுமுனைகள். கம்பி தோலுக்கு அடியில் காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து வழியாக மார்பில் உள்ள பேட்டரிக்கு வரும். பிள்ளைகளுக்குச் சில இடங்களில் வயிற்றில் வைப்பார்கள், வளரும்போது இழுபடாமல் இருக்கக் கம்பியைக் கொஞ்சம் சுருட்டி விடுவார்கள். பெரியவர்களுக்கு விழித்திருக்கும்போதே செய்வதுண்டு, பிள்ளைகளுக்கு முழு மயக்கம். அந்த முடிச்சுக்கு நேர் கீழே கண்ணிலிருந்து வரும் பார்வை நரம்பு போகிறது, பக்கத்தில் கை கால் அசைவுக்கான பெரும்பாதை. இரண்டு மில்லிமீட்டர் தவறினால் கண்ணில் மின்னல் அடிக்கும் அல்லது வாய் ஒரு பக்கம் இழுக்கும். அதனால்தான் எந்த மருத்துவமனை என்பது எந்தக் கம்பெனிக் கருவி என்பதைவிட முக்கியம். பிள்ளைகளுக்கு வருடத்தில் எத்தனை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2003இல் டிஸ்டோனியாவுக்கு இதை அனுமதித்தபோது வைத்த குறைந்தபட்ச வயது 7. கேஎம்டி2பி பற்றி 2020இல் 53 பேரைச் சேர்த்து ஒரு பெரிய கணக்கு வெளியானது. டிபிஎஸ் செய்தவர்களுக்கு உடம்பும் கழுத்தும் நன்றாகத் தளர்ந்தன, நடக்க முடியாதவர்களில் சிலர் நடந்தார்கள். ஆனால் தொண்டை அவ்வளவாகக் கேட்கவில்லை. சில வருடம் கழித்து நடை மறுபடி தடுமாறுவதும் இருக்கிறது. இதை அக்காவிடம் நான்தான் சொன்னேன். பேச்சு திரும்பும் என்று நினைத்து இதைச் செய்யாதே, நடையும் இடுப்பும் வலியும்தான் கணக்கு என்றேன். அவள் அடுப்படிக்குப் போய் ஐந்து நிமிடம் கழித்து வந்து, நடந்தால் போதும் என்றாள்.

ஆபத்துக் கணக்கும் வேண்டுமே. மூளையில் ரத்தக் கசிவு நூறில் ஒன்றிரண்டு பேருக்கு. பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம் வருவது கிருமித் தொற்று. வந்தால் பல நேரம் கருவியை எடுத்துவிட்டு, மருந்து கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி வைக்க வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்குக் கம்பி அறுவதும் உண்டு. பலனும் அன்றே வராது. வெட்டி வெட்டி இழுப்பது முதலில் குறையும், நிலைத்த முறுக்கு இளக மாதங்கள் ஆகும். அதுவரை மின்சார அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க எத்தனையோ முறை போய் வர வேண்டும். எங்களுக்குத் திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான், காலையில் ரயிலேறினால் இரவு வீட்டுச் சோறு. ராமநாதபுரத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வருகிறவர்கள் ரயில் கட்டணம், போகும் நாளின் கூலி எல்லாவற்றையும் கருவி விலையோடு சேர்த்தே எழுத வேண்டும்.

நின்றுபோனால்? பேட்டரி தீர்ந்தால் முறுக்கு திரும்பி வரும், சிலருக்குப் புயலாகவே வரும். டிஸ்டோனியாவுக்கு மின்சாரம் அதிகம் செலவாவதால் சாதாரண பேட்டரி நாலைந்து வருடத்தில் தீர்ந்து, ஒவ்வொரு முறையும் மார்புத் தோலைத் திறந்து மாற்ற வேண்டும். சார்ஜ் போடும் வகை முதலில் சில லட்சம் அதிகம், பதினைந்து வருடம் வரை ஓடும். பத்து வயதுப் பையனுக்கு எது மலிவு என்று பெருக்கிப் பார்க்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். ஆனால் சார்ஜ் போடுவதென்பது ஒரு வேலை. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, மார்பின் மேல் தட்டை நகராமல் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த ஒழுங்கு எந்த வீட்டில் நடக்காதோ, அந்த வீட்டுக்கு மாற்றும் பேட்டரியே பத்திரம். இதில் மட்டும் டாக்டர் சொல்வதைக் கேட்காமல், உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

பையன் கொஞ்சம் பெரியவனாகட்டுமே என்று அக்காவின் மாமியார் சொன்னார். எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார்கள், பாசத்தில்தான் சொல்வார்கள். ஆனால் லண்டன் ஈவ்லினா குழந்தைகள் மருத்துவமனையில் ழான்-பியர் லின் குழு பார்த்த கணக்கு வேறு சொல்கிறது. வயது எத்தனை என்பதில்லை, வாழ்ந்த வாழ்க்கையில் எத்தனை பங்கு முறுக்கோடு கழிந்தது என்பதைப் பொறுத்தே பலன். அந்தப் பங்கு கூடக் கூடப் பலன் குறைகிறது. பிசியோவாக எனக்கு அது புரிகிறது. முறுக்கிய மூட்டு வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் தசைநாண் சுருங்கிவிடும், அப்புறம் மூளை சரியான உத்தரவு கொடுத்தாலும் கால் கேட்காது. எங்கள் பையன் பத்தில் நாலரை வருடத்தைக் கொடுத்துவிட்டான்.

டிபிஎஸ், சார்ஜ் போடும் பேட்டரி என்று முடிவாகி, மாத்திரையை அறுவைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதென்று பேசியிருக்கிறோம். தேதி ஆனி மாதக் கடைசியில்.

நான் செய்ய வேண்டிய ஏற்பாடு ஒன்று இருந்தது. மூட்டு வலிக்காரர்களுக்குச் சூடு கொடுக்க என் கிளினிக்கில் ஒரு டயாதெர்மி இயந்திரம், பதினோரு வருடமாக முன்னறையில். மூளைக்குள் கம்பி உள்ளவர் மேல் அதை வைத்தால் கம்பி நுனி சூடேறி மூளையைப் பொசுக்கிவிடும். எந்தக் கருவிக் கையேட்டிலும் முதல் எச்சரிக்கை அதுதான். அவன் பள்ளி விட்டு நேராக வந்து அந்தக் கட்டிலில்தான் படுத்து ஹோம்வொர்க் எழுதுவான். எழுதி ஒட்டலாம், பூட்டி வைக்கலாம், உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குச் சொல்லி வைக்கலாம் என்றெல்லாம் யோசித்தேன். போன வியாழக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்து பாதி விலைக்கு எடுத்துப்போனார். கட்டில் மட்டும் அங்கேயே இருக்கிறது.